படித்தேன், சம்மதிக்கிறேன்

ஜூலை 6

என் அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், அவளுடைய முதுகுவலி மட்டும் அவளுக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. நீங்கள் லாரியில் எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. கம்பெனி கிடங்கு முகவரிக்கு அனுப்புகிறேன், திரும்பும்போது கிடைக்கும். போனில் "பேசுடி, பேசுடி" என்கிறீர்கள். எனக்கு "ம்" தவிர ஒன்றும் வருவதில்லை. எழுதினால் வருகிறது.

தையல் கடையில் ஒரு பிரச்சினை.

திரைக்குப் பின்னால் பெண்களுக்கு அளவு எடுப்பதுதானே என் வேலை. மற்ற பெண்கள் "இடுப்பு முப்பத்தெட்டு!" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள். வெளியே கட்டிங் மாஸ்டர் எழுதிக்கொள்வார், காத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். எனக்குக் கத்த வராது. சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பேன். கூச்சத்தில் ஆரம்பித்த பழக்கம். இப்போது சிலர் "அந்த முணுமுணு இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். எனக்குக் கடையில் அதுதான் பெயர். கோபமெல்லாம் இல்லை, பிடித்திருக்கிறது.

போன வாரம் முதலாளியம்மா அந்தத் திரைக்குள் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளாடையோடு அதன் முன் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், படம் எடுத்து அளவு சொல்லிவிடும். எடுப்பதற்கு முன்னால் திரை முழுக்க எழுத்து ஓடும். கடைசியில் ஒரு கட்டம்: "நான் படித்தேன், சம்மதிக்கிறேன்."

"அதை நீயே தொட்டுடு. யாரும் படிக்கிறதில்ல" என்றார் முதலாளியம்மா.

என் விரல் போகவில்லை அப்பா. "படித்தேன்" என்று இருக்கிறது. நிற்பவர் படிக்கவில்லையே. அதனால் நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஒன்பதாவதோடு நின்றவள்தானே, தட்டித் தடுமாறித்தான் படித்தேன். முதலில் நின்றது பஸ் கண்டக்டர் அக்கா. "படங்களை எங்கள் கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரலாம்" என்ற இடம் வந்ததும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என் இடுப்பைப் பாக்குற அந்தக் கூட்டாளி யாருடி?"

"தெரியலக்கா. பேர் போடல."

"எவ்வளவு நாள் வச்சிருப்பான்?"

"அவங்களே முடிவு பண்ணுவாங்களாம்."

"நல்லாருக்கே கதை! நீ அளவு டேப்பை எடு."

அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். இன்று முதலாளியம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து, "அளவு எடுக்கச் சொன்னா கோர்ட்டு நடத்துறியா?" என்றார். நாளை பேசலாம் என்றிருக்கிறார். ஆனாலும் படிக்காமல் தொட முடியாது.

உங்கள் மகள்

*

ஜூலை 15

என் கண்ணுக்கு,

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. சாப்பிட வண்டியை ஓரங்கட்டிவிட்டு வழக்கம்போல் போனில் நீ இருக்கும் இடத்தைக் காட்டும் மேப்பைத் திறந்தேன். வேலை நேரத்தில் உன் புள்ளி வீட்டில் நிற்கிறது. மறுநாளும் வீட்டில். உன்னைக் கேட்டால் "ம்". உன் அம்மாவைக் கேட்டால் "லீவு" என்கிறாள். பொய் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாடி ஏறிவிடும், அதை நான் கல்யாணத்திலிருந்தே கேட்கிறேன்.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அப்படித்தானே?

போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. அந்த வேலையில்தான் நீ முதன்முதலாகத் தலைநிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாய். அதை இழக்காதே. என் வண்டியிலும் கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். கொட்டாவி விட்டால் கத்தும். மூக்கைச் சொறிந்தால், நான் போன் பேசுகிறேன் என்று நினைத்து அதற்கும் கத்தும். ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நம்மைப் போன்றவர்கள் கேள்வி கேட்டால் அவர்களுக்கு வேறு ஆள் கிடைப்பான். எனக்கு வேறு மகள் கிடைக்க மாட்டாள். சொன்னதைக் கேள்.

அன்புடன்,
அப்பா

*

ஜூலை 24

என் அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லி நான் கேட்காதது இதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இனிமேல் நிதானமாகப் படியுங்கள்.

நான் இல்லாதபோது கண்டக்டர் அக்கா துணியோடு வந்து, "முணுமுணு வரட்டும், அப்புறம் வரேன்" என்று திரும்பிப் போயிருக்கிறார். இன்னும் சிலரும் அப்படியே. முதலாளியம்மா ஆள் அனுப்பினார். போனேன். உள்ளே அவருடைய மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு அளவுக்கு நின்றிருந்தாள்.

"இவளுக்கு எடு. அந்தக் கட்டத்தைத் தொட்டுட்டு எடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"படிக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆரம்பிச்சுட்டியா? படி, படிச்சுத் தொலை."

படித்தேன். பாதியில் அந்தப் பெண், "அம்மா, என் படம் யார்கிட்ட போகும்?" என்று கேட்டாள். முதலாளியம்மா என்னைப் பார்த்தார்.

"யார்கிட்டடி போகும்?"

"இதுல இல்லம்மா."

முதலாளியம்மா வெட்டுவதற்கு வைத்திருந்த துணியை எடுத்து அந்த டேப்லெட்டின் தலையில் போட்டார். "டேப் எங்க வச்சுத் தொலைச்ச?" என்று என்னையே திட்டினார். அவ்வளவுதான். அவர் வருந்தவுமில்லை, நான் எதிர்பார்க்கவுமில்லை.

இப்போது வாசலில் அட்டை தொங்குகிறது: "டேப்பா, படமா, உங்கள் விருப்பம். படம் என்றால் முதலில் படித்துக் காட்டப்படும்." படித்துக் காட்டுவது நான்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "பரவால்ல, எடு" என்பவர்களும் உண்டு. அவர்கள் விரலால் அவர்களே தொடுகிறார்கள். எனக்கு அதுவும் சந்தோஷம்தான்.

அப்பா, இனி எழுதப்போவது உங்களைப் பற்றி. என்னை நிறுத்திய அன்று உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எப்படிச் சொன்னால் உங்களுக்கு வலிக்காது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் புள்ளி சொல்லிவிட்டது. போன் வாங்கித் தந்த அன்று எல்லாவற்றையும் நீங்களே தொட்டுத் தொட்டு வைத்துக் கொடுத்தீர்கள். அதிலும் இப்படி ஒரு கட்டம் இருந்திருக்கும். எனக்காகச் சம்மதித்தது யார்?

கோபம் இல்லை. பயத்தில் வைத்தீர்கள், தெரியும். அந்தப் புள்ளியை அணைக்க எனக்குத் தெரியும். ஆனால் நானே அணைத்தால் உங்களுக்குத் தெரியாமல் செய்ததாகிவிடும். உங்கள் கையால் அணையுங்கள். கேட்கிறேன்.

உங்கள் மகள்
முணுமுணு

*

ஆகஸ்ட் 5

முணுமுணுவுக்கு,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பதில் எழுதாமல் வண்டி ஓட்டினேன். கோபம்தான். பெற்றவனையும் கடை முதலாளியையும் ஒன்றாக்கிவிட்டாளே என்று இருந்தது.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில், நாலைந்து டிரைவர்களுக்கு நடுவில், ஏனென்று தெரியவில்லை, அதை எடுத்துப் படித்துக் காட்டினேன். கடைக் கதை வரைக்கும்தான். என்னைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கவில்லை. உன்னைக் கேட்காமல் அந்த அளவுக்குப் படித்ததும் தப்புதான், திட்டிக்கொள். துணியைத் தலையில் போட்ட இடத்தில் ஒருவன் மேஜையைத் தட்டினான். "யாருய்யா இந்தப் பொண்ணு?" என்றான். "என் மக" என்றேன். சொல்லிவிட்டு அவர்கள் எல்லோருக்கும் டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வண்டிக் கேமராவுக்கு என்ன எழுதி வாங்கினார்கள் என்று இப்போது அவர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கே நிறுத்தினாலும் அதை ஒரு நிமிடம் பார்ப்பேன். நீ கடைக்குப் போவாய், வீட்டுக்கு வருவாய். பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்வேன். என் மகள் இப்படிப்பட்டவள் என்று அந்தப் புள்ளி ஒரு நாளும் சொன்னதில்லை. உன் கடிதங்கள்தான் சொல்லின.

நேற்று அணைத்துவிட்டேன்.

இன்று மதியம் கை பழக்கத்தில் போனைத் திறந்துவிட்டது. மேப்பில் வெறும் தெருக்கள்தான் இருந்தன, உன் புள்ளி இல்லை. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "யாரைத் தேடுறீங்க?" என்றார்.

"யாரையும் இல்ல. என் பொண்ணு வெளிய போயிருக்கா" என்றேன்.

அன்புடன்,
அப்பா