ஒரு தடயமும் விடாமல் அழிக்கவும்

மாப்ளே,

இன்று காலை சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், ஊசிக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். என் தகவல் எனக்கே சொந்தமாம். என் சம்மதமில்லாமல் யாருக்கும் காட்டமாட்டார்களாம். புதுச் சட்டம். ஐரோப்பாக்காரன் உடம்புக்குத் தைத்த கோட்டை நமக்கு வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள்.

"படிக்க வேண்டாம் அண்ணாச்சி, கையெழுத்த மட்டும் போடுங்க" என்றாள் அந்தப் பெண். சக்கரவர்த்தி சாசனத்துக்கு முத்திரை வைப்பதுபோல் போட்டேன்.

உனக்கு இப்படி ஒரு தாளை யாரும் நீட்டவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே ஐரோப்பியக் கம்பெனியின் கப்பல்களில் என்ஜின் ரூம் வேலை. ஒரே ஒரு நாள் மயங்கி விழுந்தாய். 'வலிப்பாக இருக்கலாம்' என்று கேப்டன் அனுப்பிய அறிக்கையை, இங்கே கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சாயங்காலத்துக்குள் பீச் ரோட்டு நாய்கள் வரை உன் வியாதியைப் பேசின. வலிப்பே இல்லை என்று டாக்டர் பிறகு எழுதிக் கொடுத்தும் ஒருத்தனும் உன்னை ஏற்றவில்லை.

"நம்ம ஊர்ல இதுக்குச் சட்டம் ஏதுலே? வெள்ளைக்காரன்ட்ட போய்ச் சொல்லு" என்றான் ஏஜென்ட்.

சொன்னோம். அவன் நாட்டில் சட்டம் இருந்தது. கேட்டால் அழிக்க வேண்டும். கம்பெனிக்குப் போன கடிதம் என் திருக்கரத்தால் எழுதியது. ஏழு கடலும் எழுந்து நிற்கும் இங்கிலீஷ். 'இவரைப் பற்றிய ஒரு தடயமும் விடாமல் அழிக்கவும்.'

"ஏலே, அந்த வியாதிய மட்டும் அழிச்சா போதும்லா?" என்றாய்.

"கேக்கும்போது பெருசாக் கேக்கணும்" என்றேன்.

அழித்துவிட்டார்கள். வியாதியை, பதினெட்டு வருஷத்தை, உன் பெயரை. அடுத்து ஒரு சிங்கப்பூர்க் கம்பெனி உன்னை எடுக்க நினைத்துப் பழைய இடத்தில் விசாரித்தது. அப்படி ஒருவர் எங்களிடம் இருந்ததாகப் பதிவில்லை என்று பதில் போனது. கப்பல் கப்பலாக உன் வேலையைப் பதிந்த கடல் புத்தகத்து முத்திரைகளெல்லாம் போலி என்று முடிவு கட்டினார்கள்.

நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். "விடுலே, நல்ல இங்கிலீஷு" என்றாய். துறைமுக வாசலில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தாய், மாரடைப்பு வரும்வரை.

நேற்று அதே ஏஜென்ட் போன் செய்தான். புதுச் சட்டத்துக்குப் பயம். "பழச எல்லாம் அழிச்சிருங்க அண்ணாச்சி, ஒங்க போன்லயும் அது கெடக்கும்."

கிடக்கிறது, அந்த அறிக்கை. கேப்டன் எழுதியிருக்கிறான்: 'எங்கள் மூத்த ஊழியர், பதினெட்டு வருஷமாக எங்களோடு.' அந்தக் கம்பெனி உன்னைத் தன் ஆள் என்று சொன்ன தாள் உலகத்தில் இனி இது ஒன்றுதான். அடுத்த வரியிலேயே வலிப்பு. அதனால்தான் உயிரோடு இருந்தபோது நீ இதை யாரிடமும் காட்டவில்லை.

நானும் காட்டமாட்டேன். அழிக்கவும் மாட்டேன்.