ஒற்றைக் கைப்பிடிப் பெட்டி

மாப்ள,

நேற்று சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் புரோகிராமுக்காக அரிமளம் வண்டி ஏறினேன். தோளில் பேஸ் கிட்டார், வலது கையில் அதன் ஸ்பீக்கர் பெட்டி. கண்டக்டர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன பெருசு, சாப்பாட்டுக் கூடையா? மூடிய நல்லா மூடிக்கங்க, கொழம்பு ஊத்திரப் போவுது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லக்கேஜுக்கு டிக்கெட் கேட்கவில்லை. சண்டை இல்லை. காலால் தள்ளியதும் பெட்டி சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

நம் பழைய பெட்டியை இப்படி ஏற்ற முடியுமா? ஒரு சிமெண்டு மூட்டை கனம். இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. ஒன்றை நீ பிடிப்பாய், ஒன்றை நான் பிடிப்பேன். "இதெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாது, லாரிக்குப் போங்க" என்று கண்டக்டர் கத்துவார். குவாரி வெடியில் உன் காது போயிருந்தது அங்கேதான் நமக்கு உதவியது. அவர் கத்தக் கத்த நீ "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை உள்ளே ஏற்றிவிடுவாய். கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "இந்த ஆளுகிட்ட நீயாவது சொல்லுய்யா" என்பார். "நானும் இருவது வருஷமா சொல்றேங்க, கேக்க மாட்டேங்கறாரு" என்பேன்.

இதை நானே என் கையால் எழுதுகிறேன் மாப்ள. நேற்று அந்த வண்டியின் பலகையில் அரிமளம் என்று இருந்ததையும் யாரிடமும் கேட்காமல் நானே படித்துத்தான் ஏறினேன். உனக்குக் காது சுத்தமாக மங்கிய பிறகு தங்கச்சி சிலேட்டில் எழுதிக் காட்டுவாள், நீ படித்துப் பதில் சொல்வாய். உன் பெண்டாட்டிக்கு இருந்த வசதி எழுத்துத் தெரியாத எனக்கு இல்லை. நான் உன் இடது காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். உனக்கு வலிக்காமல் பேசலாமே என்றுதான் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கு நடத்துகிற எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். ககர வரிசையை முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கைக்கு வரும்போது உள்ளே ஒரு துள்ளல் வருகிறது. 'ழ' சரியாக வளைந்த அன்று பக்கம் முழுக்க அதையே எழுதினேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எழுதி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். காட்டுவதற்கு யாரும் இல்லை. அதோடு அந்தத் துள்ளல் போய்விட்டது.

நம் பாட்டுக் குழுவில் எல்லாரும் பெட்டியை மேடைமேல் வைப்பார்கள். நாம் மட்டும் மேடைக்குப் பக்கத்தில் மண்ணில் வைப்போம். அது உன் ஏற்பாடு. "பலகையில வச்சா பலகை சத்தத்தத் தின்னுரும். மண்ணுல வச்சாத்தான் மண்ணு பாடும்" என்றாய். தபலாக்காரர் கேலி செய்வார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெறுங்காலோடு நிற்பாய். காது கேட்காத உனக்கு என் பேஸ் மட்டும் உள்ளங்கால் வழியாகக் கேட்டது. உள்ளங்கையை மேலே தூக்கினால் நான் சத்தத்தைக் கூட்டுவேன். கீழே அமுக்கினால் குறைப்பேன். விரல்களை மடக்கினால் போதும் என்று அர்த்தம். பாடுகிறவளை யார் பார்த்தார்கள்? நான் உன் கையைப் பார்த்துத்தான் வாசித்தேன்.

அடைப்பு என்று உன் நெஞ்சில் குழாய் வைத்த பிறகு டாக்டர் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். தூக்காமல் சும்மா வந்து நின்றால் போதும் என்று நான் சொன்னதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டியத் தொடாம நான் அங்க யாரு? வேடிக்க பாக்க வந்தவனா?" என்றாய். வேறு வழி தெரியவில்லை. உன் கையால் தூக்கக்கூடிய பெட்டியாக ஒன்று வாங்குவது, நீ தொடர்ந்து வருவது, அவ்வளவுதான் என் திட்டம். எனக்கு வேறு ஆசையே கிடையாது அப்போது.

கீழராஜ வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கடை. பழைய பெட்டியைக் கூலியாள் வைத்து மேலே ஏற்றினோம். "எங்க வச்சு வாசிப்பீங்க ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார். "திருவிழா, கல்யாணம், காதுகுத்து. எல்லாம் வெட்டவெளி" என்றேன். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற காம்போ வகையில் மூன்றை எடுத்து வைத்தார்.

முதல் பெட்டியைப் பார்த்து நீ, "இது என்ன, கோழிக்கூண்டா?" என்றாய். அடிக்கம்பியைத் தட்டினேன். தகர டப்பாவுக்குள் யாரோ இருமுவது போல இருந்தது. இரண்டாவதில் இரண்டு ஸ்பீக்கர். சத்தம் நன்றாக இருந்தது. ஆனால் கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியபோது நீ அதைத் தூக்கிப் பார்த்தாய், உன் முகம் கறுத்துப் போனது. நான் பிடுங்கிக் கீழே வைத்தேன். மூன்றாவதுதான் இது. உச்சியில் ஒரே ஒரு கைப்பிடி. "உள்ள இருக்கற காந்தம் வேற வகைங்க, ட்ரான்ஸ்ஃபார்மரும் சின்னது. அதான் கனம் இல்ல" என்று கடைக்காரர் அதை ஸ்டாண்டில் வைக்கப் போனார்.

"கீழ வைங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நீ செருப்பைக் கழற்றினாய்.

"செருப்போட இருக்கலாங்க ஐயா, பரவால்ல."

உனக்கு எங்கே கேட்கும்? வெறுங்காலோடு போய் டைல்ஸ் தரையில் நின்றாய். நான் அடிக்கம்பியை இழுத்து விட்டேன். நீ கண்ணை மூடினாய். விரல்கள் மெல்ல மடங்கின. "மச்சான், ஏறுது. முட்டி வரைக்கும் ஏறுது" என்றாய். பிறகு அந்தப் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறுவீட்டுக்குப் போகிற புதுமாப்பிள்ளை போலக் கடைக்குள்ளேயே இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தாய். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் அதை உன் காதில் கத்தினேன், நீ தலையாட்டினாய். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

நாம் நின்றது மாடி, மாப்ள. காலுக்கு அடியில் இருந்தது மண் இல்லை, கீழே ஜவுளிக்கடைக் கூடம் இருந்த கான்கிரீட் தளம். அது பெட்டியோடு சேர்ந்து அதிர்ந்தது. அத்தனை வருஷம் மண்ணில் பெட்டி வைத்த நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். காதால் கேட்டு வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பெட்டி. காலால் கேட்டு வாங்க வந்தவர்கள் நாம் மட்டும்தான்.

முதல் புரோகிராம் குளத்தூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. நீயே பெட்டியைத் தூக்கி வந்து செம்மண்ணில் வைத்தாய். யாரையும் தொடவிடவில்லை. முதல் பாட்டு தொடங்கியது. உன் கை மேலே போனது. கூட்டினேன். மறுபடியும் மேலே. இன்னும் கூட்டினேன். பாடுகிற பெண் திரும்பி, "மாமா, எங்கொரலே எனக்குக் கேக்கல" என்றாள். பெட்டி கரகரக்கத் தொடங்கியது. கை இறங்கவில்லை. பிறகு நீ குனிந்து, உள்ளங்கையை மண்ணில் பதித்துப் பார்த்தாய். எழுந்து என்னைப் பார்த்தாய். கையைத் தூக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. அது உன் பக்கத்தில் தொங்கியது. போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அதன் பிறகு என்ன வாசித்தேன் என்றே தெரியாது. கூட்டம் ஆடியது என்று மட்டும் தெரியும்.

திரும்பும்போது வேனில் உன் காதில் கத்தினேன். "பெட்டி சரியில்ல மாப்ள! மாத்திருவோம்!"

"கத்தாத. அம்புட்டுப் பேரும் ஆடுனத நான் பாத்தேன். பெட்டி நல்லாத்தான் இருக்கு. சக்கரை என் காலத் தின்னுருச்சு மச்சான், மரத்துப் போச்சு."

"இல்லடா, இது லேசுப் பெட்டிடா!"

"கடையில மட்டும் எப்புடி ஏறுச்சு?"

அப்போதுதான் எனக்கு மாடி உறைத்தது. சொன்னேன். நீ கேட்டாயா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பெட்டியா, உன் காலா? எனக்கு இன்றும் தெரியாது. பழைய பெட்டியை ஒரு தடவை மண்ணில் வைத்து வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். அதை வாங்கத்தான் நான் அடுத்த வாரமே அந்த மாடி ஏறினேன். தேவகோட்டைப் பக்கத்து பேண்ட் செட்டு ஒன்று எடுத்துப் போய்விட்டது என்றார் கடைக்காரர். எந்த ஊர், யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் தேவகோட்டைக்கே போய்க் கேட்டுப் பார்த்தேன். திருவிழாப் பந்தல் கண்ட இடமெல்லாம் இறங்கினேன். கிடைக்கவில்லை.

அதன் பிறகு நீ வரவில்லை. நீ வருவதற்காக வாங்கிய பெட்டிதான் உன்னை வரவிடாமல் செய்தது. இதை எத்தனை விதமாக யோசித்தாலும் வேறு மாதிரி ஆக மாட்டேன் என்கிறது. வாங்காமல் இருந்திருந்தால் நீ வீட்டில் இருந்திருப்பாய், ஆனால் உன் காலில் நம்பிக்கையோடு இருந்திருப்பாய்.

கடைசியாக உன்னை வீட்டில் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தாய். தங்கச்சி டீ கொண்டுவந்தாள். "வாங்கண்ணே, ஒங்க ஆளு காலையிலேருந்து ஒரு வார்த்த பேசல. நீங்க வந்தா வாய் தொறக்கும்" என்றாள்.

"புரோகிராம் இருக்கா?" என்று நீ கேட்டாய்.

"இருக்கு. வா" என்று உன் இடது காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"வந்து?"

"சும்மா நில்லு, போதும்."

"சும்மா நிக்கறதுக்குத்தான் பந்தக்கால் நட்டுருக்காங்கல்ல? நான் எதுக்கு?"

தங்கச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நீ என் கையைப் பிடித்தாய். தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன உன் உள்ளங்கை மெத்தென்று ஆகியிருந்தது. "மச்சான், இனிமே நான் அங்க நிக்கறதா நெனச்சு வாசிக்காத. பாடுற புள்ளயப் பாரு. அதுக்குத்தான் நீ வாசிக்கணும்" என்றாய். சரி என்று தலையாட்டினேன். மாசி முடிவதற்குள் தங்கச்சியின் தம்பி வந்து சேதி சொன்னான்.

நீ சொன்ன அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. பெட்டியை எல்லாரும் மெச்சுகிறார்கள். "பெரியவரே, இப்பத்தான் ஒங்க பேஸ் கணீர்னு இருக்கு" என்று மேடைச் சத்தத்தைச் சரிசெய்கிற மிக்ஸர்காரர் சொல்கிறார். மேடை ஏறுகிறேன். பாடுகிற பெண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். முதல் கம்பியைத் தட்டியதும் ஒரு கணம் காத்திருக்கிறேன், போதும் என்று யாராவது சொல்லட்டும் என்று. பாட்டு காத்திருக்குமா? அது என்னை விட்டுவிட்டுப் போகிறது. பின்னாலேயே ஓடி, இரண்டாவது வரியில் எப்படியாவது பிடித்துக்கொள்வேன். கொஞ்ச நாளாக அதுவும் முடிவதில்லை மாப்ள. கம்பிமேல் விரலை வைத்தபடி, வாசிக்காமலே பாட்டு முடியும்வரை நிற்கிறேன். கூட்டத்தில் யாருக்கும் அது தெரிவதில்லை.