நீங்கள் மடியில் சுமந்து வந்த பேப்பர் கப்

அன்பு குறையாத இபு சுமார்னிக்கு,

எங்கள் வீட்டு வாசலில் உட்கார வைத்து உங்களை நாங்கள் அவமானப்படுத்தினோம். உங்களுக்கு அது தெரியாது. தெரியாமலே போய்விட்டீர்கள். தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் நான்.

இதை உங்கள் மொழியிலேயே எழுத என்னால் முடியும். பதினொரு மாதம் உங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்து, உங்களிடமே கற்ற மொழி அது. ஆனாலும் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் இனிப் படிக்கப்போவதில்லை. படிக்க வேண்டியவர்கள் இங்கே, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிறார்கள்.

போன வாரம் உங்கள் மகள் லெஸ்தாரி ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தாள். ஏழு நாளாகியும் நான் பதில் போடவில்லை. அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நாங்கள் செய்தது எவ்வளவு கேவலம் என்று யாருக்கும் புரியாது.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். கோழித் தீவனக் கம்பெனி ஒன்று என்னை ஜாவாவுக்கு அனுப்பியது. யோக்யகர்த்தாவுக்கு வெளியே, நெல் வயலை ஒட்டி உங்கள் வீடு. வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டுச் சமையல் சொல்லித்தருவது உங்கள் தொழில். ஊரே உங்களை 'இபு' என்று கூப்பிட்டது. அம்மா என்று அர்த்தம். என்னை நீங்கள் 'ந்துக்' என்றீர்கள். மகளே என்று அர்த்தம். எங்கள் ஊரில் 'சாமி' என்பார்களே, அந்தக் குழைவு அதில் இருந்தது.

வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் உங்கள் பாடம் தொடங்கிவிடும். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். எதையாவது காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்ட வேண்டும். பெரியவர்கள் முன்னால் போகும்போது உடம்பைக் கொஞ்சம் தாழ்த்திப் போக வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, முன்னால் வைத்த டீயை வீட்டுக்காரர் 'மொங்கோ' என்று சொல்லும்வரை தொடக்கூடாது. 'சாப்பிடுங்க' என்பது போல ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வராமல் குடித்தால் டீ தொண்டையில் நிற்கும் என்று நீங்கள் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள்.

பிறகு நேராகச் சமையலறை. எந்த நாட்டுக்காரர், என்ன மதம், என்ன நிறம் என்று நீங்கள் கேட்டதே இல்லை. கையைக் கழுவினார்களா என்று மட்டும் பார்ப்பீர்கள். எரிமலைக் கருங்கல்லில் குடைந்த தட்டு மாதிரியான கல்லில் மிளகாயும் வெங்காயமும் வைத்து சம்பல் அரைக்கச் சொல்வீர்கள். முதல் நாள் நான் அம்மியில் அரைக்கிற பழக்கத்தில் இரண்டு கையாலும் தேய்த்தேன். "என்ன, ரோடு போடுகிறாயா?" என்று கேட்டீர்கள். மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டும் என்று என் கையைப் பிடித்துத் திருப்பினீர்கள். சோயா மொச்சையை இலையில் கட்டிப் புளிக்கவைத்த தெம்பேயை நான் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தபோது, உங்கள் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் வைத்தீர்கள். உங்கள் விரல் என் உதட்டில் பட்டது. உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு ஒரு நொடி உடம்பு கூசியது. அதையும் இன்று ஒப்புக்கொள்கிறேன்.

நான் கிளம்பிய நாளில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து விருந்து வைத்தீர்கள். கூம்பின் நுனியை வெட்டி, அங்கே இருப்பவர்களில் மரியாதைக்குரிய ஒருவருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர் இருந்தார், பள்ளிவாசல் இமாம் இருந்தார். நீங்கள் அதை என் தட்டில் வைத்தீர்கள்.

அடுத்த வருஷம் எங்கள் ஊருக்கு வந்தீர்கள். மலை வேண்டாம், கோயில் வேண்டாம், ந்துக் வீட்டு அடுப்பைப் பார்த்தால் போதும் என்றீர்கள். உங்களுக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"முக்காடு போட்டவீங்களா சாமி?"

"ஆமாம்மா. அதுக்கென்ன?"

"ஊட்டுல தங்க வெக்க முடியாது கண்ணு. ரூம்பு பத்தாதுன்னு சொல்லிப்போடு."

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். இரண்டில் கோழித் தீவன மூட்டைகூடக் கிடையாது, சும்மா பூட்டிக் கிடந்தன. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் சேலத்தில் லாட்ஜில் அறை போட்டேன். கல்லூரி மேடையில் சாதியை எதிர்த்துப் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். தினமும் போனில் பதிவு போட்டு யாரையாவது கிழிக்கிறவள். அம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் செவ்வாய்ப்பேட்டையில் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! மளிகை மண்டியில் ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்துகொண்டே போனீர்கள். கடைக்காரர் ஒரு சிட்டிகை பெருங்காயத்தை உங்கள் உள்ளங்கையில் வைக்க, தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏனுங்க, இந்தம்மா எந்த ஊருங்க? மஞ்சளை மோந்து பாத்தே எந்தக் காட்டுதுன்னு சொல்லிப்போடுவாங்காட்ட இருக்குது!" என்றார் அவர். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், கட்டைவிரலை நீட்டி ஒரு மூட்டையைக் காட்டி, இது பழைய சரக்கு என்றீர்கள். கடையே சிரித்தது.

அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. "சாமி, வாரப்ப பேப்பர் கப்பு ஒரு பாக்கெட் வாங்கியா."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. வாங்கினேன். நாமக்கல் பஸ்ஸில் கூட்டம், என் இரண்டு கையிலும் பை. அந்தப் பாக்கெட்டை நீங்கள்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். நசுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தீர்கள், இபு. உங்களை ஒதுக்கி வைக்க வாங்கிய சாமானை நீங்களே பத்திரமாகச் சுமந்து வந்தீர்கள்.

கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தது. "உள்ள புழுக்கமுங்க" என்று அம்மா சொன்னார். நீங்கள் மொழி புரியாமலே தலையசைத்தீர்கள். உங்கள் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த அரைக்கும் கல்லை இரண்டு கையாலும் நீட்டினீர்கள். அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. தரையில் வைக்கச் சொன்னார். சமையலறையைப் பார்க்கலாமா என்று நீங்கள் என்னிடம் கேட்டபோது, அம்மாவுக்குக் கூச்சம் என்றேன்.

உங்கள் முன்னால் பேப்பர் கப்பில் டீயை வைத்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நீங்கள் காத்திருந்தீர்கள். டீயில் ஆடை படர்ந்தது. நான் கவனித்தேன், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் நானே "மொங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டே ஆறிப்போனதைக் குடித்தீர்கள்.

அந்த நேரத்தில் மாரி வந்தாள். எங்கள் கோழி ஷெட்டில் முட்டை பொறுக்குகிறவள். என் அம்மாவைவிட வயதில் மூத்தவள், நான் சின்ன வயதிலிருந்தே பெயர் சொல்லி வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் ஷெட் ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். விருந்தாளி கண்ணில் பட வேண்டாமென்று அன்று அம்மா அதை ஒளித்துவிட்டு, அவளுக்கும் பேப்பர் கப்பில் ஊற்றினார்.

மாரி கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உங்களையும் பார்த்தாள். "ஏனுங்க அம்மிணி, சீமையில இருந்து வந்தவீங்களுக்கும் எனக்கும் ஒரே கப்புங்களா? பரவாயில்லீங்க, நானும் பெரிய ஆளாயிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. நீங்கள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு என்னிடம் கேட்டீர்கள். "வீட்டில் எல்லாரும் வெள்ளி மாதிரி மின்னுகிற டம்ளரில் குடிக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் மட்டும் ஏன் இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "எங்கள் வழக்கம், இபு. மரியாதைக்குரிய விருந்தாளிக்கு யாரும் வாய் வைக்காத புதுக் கப்பில்தான் கொடுப்போம்."

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நான் எப்படி மறப்பேன்? எழுந்து, உடம்பைத் தாழ்த்தி மாரிக்கு ஒரு வணக்கம் சொன்னீர்கள், உங்களைப் போலவே அவளும் மரியாதைக்குரிய விருந்தாளி என்று நினைத்து. மாரி பதறி எழுந்து நின்றாள். நீங்கள் குடித்து முடித்த கப்பைக் கழுவித் துடைத்து ஞாபகமாகப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

ஊருக்குப் போனதும் உங்கள் வகுப்பு நோட்டில் ஒரு பக்கம் எழுதிப் படமெடுத்து அனுப்பினீர்கள். 'தமிழ் விருந்தாளிகள் வந்தால் யாரும் தொடாத புதுக் கப். அது அவர்களுடைய மரியாதை.' நான் அதற்கு ஓர் இதயப் படத்தைப் பதிலாகப் போட்டேன். திருத்த நேரம் இருந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம் நீங்கள் தூக்கத்திலேயே போகும்வரை நேரம் இருந்தது.

இப்போது லெஸ்தாரியின் கடிதம். உங்கள் வகுப்பை அவள்தான் நடத்துகிறாள். சென்னையிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறார்கள், கூடவே ஒரு டச்சுத் தம்பதி. டச்சுக்காரர்களுக்கு வீட்டுக் கண்ணாடி டம்ளர். நோட்டில் நீங்கள் எழுதியிருந்தபடி தமிழர்களுக்குப் புதுப் பேப்பர் கப். நால்வரில் ஓர் இளைஞன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை யார் சொல்லித்தந்தது என்று கேட்டிருக்கிறான். அவள் பெருமையாக நோட்டைக் காட்டியிருக்கிறாள். அவன் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடவில்லை. கிளம்பும்போது சொன்னானாம்: "என் அப்பாவுக்கு இந்த மரியாதை தினமும் கிடைத்தது."

லெஸ்தாரி கேட்கிறாள்: "அக்கா, அவர் ஏன் அப்படிச் சொன்னார்? அம்மா எழுதியதில் என்ன தப்பு?"

எந்த ஊர்க்காரனோ அவன். கடல் தாண்டிப் போயும், எல்லாரையும் அடுப்படிக்குள் விட்ட ஒரே வீட்டிலும் அது அவனுக்காகக் காத்திருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது என் பொய். உங்கள் கையெழுத்தில் வைத்தது. இதற்கு நான் யார் காலில் விழுவது?

லெஸ்தாரிக்கு இன்று எழுதுகிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். கிழித்தால் நான் தப்பித்துவிடுவேன். அதன் அடியில் என் பெயரைப் போட்டு, நடந்தது என்ன என்று எழுதச் சொல்வேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக்காட்டச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். நீங்கள் தந்த கல் மாட்டுத்தொட்டி பக்கத்தில் கிடந்தது, அதில் நாய்க்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். இன்று காலை அதைத் தேய்த்துக் கழுவிச் சமையலறையில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு, எங்கள் எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் டீ ஊற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"மாரியக்கா, டீ."

அக்கா என்று கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள். டம்ளரைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. எனக்குப் பின்னால் நிலைப்படியில் அம்மா வந்து நின்றிருந்தார்.

"என்னைய வெச்சு உங்கம்மாகிட்ட சண்டை கட்டாதீங்க அம்மிணி" என்றாள் மாரி மெதுவாக. "நீங்க நாளைக்கு வேற ஊரு போயிருவீங்க. நான் நாளைக்கும் இங்கதான் முட்டை பொறுக்கோணும்."

அவள் சொன்னது சரி. டம்ளரைத் திண்டில் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அன்று நீங்கள் காத்திருந்தது போல.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றேன். "எடுத்துக் குடீன்னு அவங்ககிட்ட உங்க வாயால சொல்லுங்க."

டீயில் ஆடை படர ஆரம்பித்தது.

"சொல்லுங்கம்மா."

இப்படிக்கு,
கூம்பின் நுனிச் சோற்றை உங்கள் கையால் வாங்கித் தின்ற
உங்கள் ந்துக்,
கோகிலா