ஆம் புஷ்

அக்கா,

சோறு பிசைந்த கையில் ரப்பர் வாசம் அடிக்கிறது. சோப்பு, எலுமிச்சம்பழம், சட்டி விளக்கும் பசை என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. போகவில்லை. நேற்று உன் காரின் முன்பக்கத்து ரப்பர் புஷ்களை வீட்டு வாசலிலேயே வைத்து மாற்றினோம். பழைய ரப்பர் கறுப்பு மாவாக உதிர்ந்து நகக்கண்ணில் குடியேறிவிட்டது. கீரைக் குழம்பு இன்று ரப்பர் குழம்பு. நீ இருந்திருந்தால், "தாத்தா லாபிஸ் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, உனக்கு மட்டும் ரப்பர் நாறுதாக்கும்?" என்று கேட்டிருப்பாய்.

அந்தச் சத்தம் முதலில் கேட்ட நாள் நினைவிருக்கிறதா? நம் லோரோங் சந்தின் முனையில் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முன்னால் 'டொக் டொக்'. பானெட்டுக்குள் யாரோ கதவு தட்டுகிறார்கள், திறந்துவிடு என்று நான் சொன்னேன். நீ மறுநாளே மாசாயில் இருக்கும் பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் 'ஆர்ம்' என்கிற இரும்புக் கையைக் காட்டினார். அது வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டதாம்.

"ஆம் புஷ் போச்சும்மா," என்றார்.

"அப்ப இல்லை புஷ் நல்லாருக்கா அங்கிள்?" என்று நான் கேட்டேன்.

என் பின்மண்டையில் நீ வைத்த தட்டு அந்தப் பட்டறை முழுக்கக் கேட்டது. அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. காருக்குத் திரும்பிய பிறகுதான் நீ ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய்.

ஆனால் மாற்றவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாய். அப்பா கேட்டபோது சொன்னாய்: "இருக்கட்டும்பா. இது என் காலிங் பெல். நான் வர்றேன்னு தெரிஞ்சாதான் இவன் போனை வச்சிட்டு புக்கைத் தூக்குவான்." உண்மைதான். வேகத்தடையில் டொக் டொக் கேட்டால் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார், நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் நீ, முதல் வேலையாக அந்தப் புத்தகத்தை நேராகத் திருப்பி வைப்பாய்.

உனக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட நீயேதான் காரை ஓட்டிக்கொண்டு போனாய். அதைத் திரும்ப ஓட்டிவந்தது அப்பா.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அக்கா. வரும், வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்ட பார்சல் மாதிரி, 'வழியில் உள்ளது' என்றே காட்டுகிறது. சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். வகுப்பில் ஜோக் கூட அடிக்கிறேன், வேறு யாரோ என் வாயை வாடகைக்கு எடுத்தது போல.

ஆனால் அம்மாவுக்கு அப்படியில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அப்பா உன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். சாயங்காலம் வேகத்தடையில் டொக் டொக். அம்மா சட்டென்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். பற்றவைத்துவிட்டு அப்படியே நின்றார். தீ எரிந்துகொண்டிருந்தது, மேலே ஒன்றுமில்லை. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாள் அப்பா உள்ளே வந்து சட்டையைக் கழற்றும் முன்பே அம்மா சொல்லிவிட்டார்.

"அந்தக் காரை வித்துருங்க. என்னால முடியல."

 நான்தான் சொன்னேன். "காரு என்னம்மா பண்ணுச்சு? சத்தம்தானே? புஷ்ஷை மாத்திட்டா சத்தம் போயிடும். அப்புறமும் முடியலன்னா வித்துக்கலாம்."

காரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் உன் சத்தத்தைப் பிடுங்கியாக வேண்டும். என்ன பேரம் பார். ஆனாலும் சரி என்று தோன்றியது. கார் போய்விட்டால் நீ கையால் தொட்டதில் பெரிதாக மிச்சம் எதுவும் இருக்காது.

நேற்று அப்பா ஜாக்கில் தூக்கினார். பக்கத்து வீட்டு முரளி அண்ணன் பெரிய ஸ்பேனர்களோடு வந்தார். இரும்புக் கையைக் கழற்றி, பழைய ரப்பரைத் தட்டி வெளியே எடுத்து, புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி, நீளமான போல்ட் போட்டு இழுத்து உள்ளே இறக்கினோம். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அப்பா எல்லா போல்ட்டையும் மூச்சுப் பிடித்து முறுக்கி முடித்துவிட்டார். அண்ணன் திரும்பி வந்து தலையில் கை வைத்தார்.

"அலமாக்! என்னண்ணே, சக்கரம் தொங்குறப்பவே டைட் பண்ணிட்டீங்க? இறக்குனா ரப்பர் முறுக்கிக்கும், சீக்கிரமே கிழிஞ்சிரும். லூஸ் பண்ணுங்க. கீழ இறக்கி, எடை விழுந்தப்புறம்தான் கடைசி முறுக்கு."

அவிழ்த்தோம். சக்கரத்துக்கு அடியில் பலகை அடுக்கி இறக்கினோம். ஆளுக்கொரு பக்கம் அண்ணனும் அப்பாவும் படுத்துக்கொண்டார்கள். டார்ச் என் கையில். "ஓட்டுற சீட்ல ஒருத்தர் உக்காந்தா நல்லது," என்றார் அண்ணன்.

மிச்சம் இருந்தது அம்மா மட்டும்தான். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் கார்ப் பக்கம் அவர் வந்தே வெகுநாளாகிறது. யாரும் கூப்பிடவில்லை. அவராகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"இவ்ளோ கிட்டவா உக்காந்து ஓட்டுனா?"

"அவளுக்குக் கால் எட்டாதுல்ல," என்று காருக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அப்பா அந்தச் சீட்டைப் பின்னால் தள்ளவே இல்லை. முட்டியை மடக்கிக்கொண்டே வேலைக்குப் போய்வந்திருக்கிறார்.

"அக்கா, கொஞ்சம் அசையாம இருங்க," என்று அம்மாவிடம் சொன்னார் அண்ணன். அம்மா அசையவில்லை. போல்ட் இறுகும் கிறீச் சத்தம் ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம். "முடிஞ்சிருச்சுக்கா, இறங்கலாம்." அம்மா இறங்கவில்லை. எங்களைப் பார்க்கவுமில்லை. கண்ணாடி வழியே வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துப் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்து, "ஓட்டிப் பாருங்க," என்றார்.

அப்பா ஓட்டினார். வேகத்தடை வந்தது. ஏறினோம், இறங்கினோம். ஒன்றுமே இல்லை. அப்பா வளைத்துக்கொண்டு வந்து இன்னொரு முறை ஏற்றினார். அப்போதும் இல்லை. 'ஆம் புஷ் மாத்தியாச்சு, இனிமே எதுக்கும் ஆமாம்தான்' என்று ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"சரி, விக்க வேணாம்," என்றார் அம்மா. 

இன்று சாயங்காலம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வரும் நேரம். லோரோங்கில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா தலையைக் கூடத் தூக்கவில்லை. நாங்கள் விரும்பியது கிடைத்துவிட்டது.

நான்தான் எழுந்துவிட்டேன் அக்கா. ஏன் என்று தெரியவில்லை. கார் வந்து நின்றபோது கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "எப்படிடா தெரிஞ்சுது?" என்று அப்பா கேட்டார். கேட்டைச் சாத்திவிட்டு, நானே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.