வீதிச் சில்லில் ஒரு பின்னேரம்

என் ஆசை நஸீர் மச்சானுக்கு,

ஸலாம். மையவாடியில், உங்களை அடக்கிய இடத்தில் நின்று உங்களுக்குச் சொல்லும் ஸலாம் எப்போதும் அவசர ஸலாமாகப் போய்விடுகிறது. பக்கத்தில் யாராவது நிற்பார்கள். துஆவை முடித்துக்கொண்டு அவர்களோடு கதைத்தபடியே வெளியில் வந்துவிடுவேன். உங்களிடம் சொல்ல இருந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும், நமக்குள் இனி மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் பைக்கின் செய்தியைச் சொல்கிறேன். மனைவியின் செய்தியைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான், ஆனால் உங்களை எனக்குத் தெரியுமே மச்சான். எப்படியும் இந்தக் கடிதத்தில் இரண்டும் ஒரே செய்திதான்.

நீங்கள் மவுத்தான அன்று அது முற்றத்தில், இரண்டு சில்லும் இல்லாமல், ஒரு மரப்பெட்டியின் மேல் இருந்தது. வயல் வரம்பில் ஓடிய ட்ரெயில் பைக்கை வீதியில் ஓடும் சூப்பர்மோட்டோவாக மாற்றப் போகிறேன் என்று காலையில் கழற்றத் தொடங்கினீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களை வைத்த சந்தூக்கை வெளியே கொண்டுபோக முற்றத்தில் வழி இருக்கவில்லை. சில்லில்லாத பைக்கை உருட்டவும் முடியாது. நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி ஓரமாக வைத்த பிறகுதான் உங்களைத் தூக்கினோம். அன்று உங்கள்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாய் அடங்கவில்லை. அரைவாசி வேலையில் விட்டுவிட்டா போவது?

சூப்பர்மோட்டோ என்று நீங்கள் முதன்முதல் சொன்னபோது ஏதோ சலவைத்தூளின் பெயர் என்று நான் சிரித்தேன். போனில் காட்டினீர்கள். சேற்றில் ஓடும் பைக்கின் பெரிய சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சின்னச் சில்லும், வழவழப்பான வீதி டயரும், முன்னுக்குப் பெரிய பிறேக் டிஸ்க்கும் போட்டால் அதுதான் சூப்பர்மோட்டோ. நம்மூர்ப் பாதையெல்லாம் தார் போட்ட காபட் வீதியாகிவிட்டது, இந்த முள்ளு டயர் மழைக்கு வழுக்குகிறது என்று காரணம் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன்.

ஆனால் உண்மையான காரணம் என் கூடப்பிறந்த ராத்தா. கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் மனைவி அந்தப் பைக்கில் ஏறியதே இல்லை. “அது பைக்கா, ஒட்டகமா? அபாயாவோட நான் எப்பிடி அதுல ஏறுற?” என்று கேட்டே காலத்தைக் கடத்தினார். “ஒனக்காகவே அதெப் பதிச்சி ஒசரத்தக் குறைச்சிக் காட்டுறன் பாரு. அறுகம்பே மட்டும் போய், வெள்ளக்காரன் அலையில சறுக்கிறதப் பாத்திட்டு வருவம்” என்று நீங்கள் சோற்றுக்கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினீர்கள். சோறு பரிமாறிய ராத்தாவின் கை சிரிப்பில் ஆடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்காமல் ராத்தா இத்தாவில் இருந்ததில், முதற் கிழமையே என்னைக் கூப்பிட்டார். வெள்ளைச் சேலை, வீங்கிய முகம். “தம்பி, அதெப் பூட்டித் தா. இத்தா முடிஞ்சி வெளியேறக்குள்ள நான் அதுல ஒருக்கா ஏறணும். மகள்ட வாப்பா கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தால என்ன ஒருக்காக் கூட்டிட்டுப் போ. வேறொண்டும் கேக்க மாட்டன்” என்றார்.

நம் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டு வாசலோடு ராத்தாவுக்கு நீங்கள் முடிந்துவிட்டீர்கள். எங்கே வைத்தோம், எந்தப் பக்கம், மரம் இருக்கிறதா, வெயில் படுகிறதா, எல்லாம் நாங்கள் வந்து சொன்னதுதான். சொல்லிக் கேட்பது ஒருவருக்குப் போதுமா?

இதற்கிடையில் உங்கள் வாப்பா வந்தார். பெரும்போக விதைப்புக்கு வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போய்வர உங்கள் தம்பிக்கு அந்தப் பைக் வேண்டுமாம். “பழைய சில்லெப் பூட்டிக் குடுங்க மனெ. நஸீர்ட பைத்தியம் நஸீரோட போகட்டும்” என்றார். சொல்லும்போது அவர் பைக்கைப் பார்க்கவில்லை, மதில்பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார். மகனைப் புதைத்த மனிதரிடம் நான் என்ன வாதாடுவது? நீங்கள் விட்டுப்போனதில் அவருக்கும் பங்கிருக்கிறது. இத்தா முடியும்வரை தவணை கேட்டேன். “ஓம், அண்டு மட்டும்தான். அதுக்குப் புறகு ஒரு நாளும் வெச்சிரிக்கக் கூடா” என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

எனக்குத் தெரிந்த தொழில் ஃபிரிட்ஜும் ஏசியும். குளிர் போன பெட்டிக்குக் குளிர் ஏற்றுவேன், அவ்வளவுதான். ஆனாலும் ராத்தா பார்க்கட்டும் என்று பைக்கைக் குசினிக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய் வைத்து, வேலை முடிந்துவரும் பின்னேரங்களில் தொடங்கினேன். நீங்கள் சாமான் வாங்கி வைத்திருந்த சாக்கைப் பிரித்தால் றிம்மும் கம்பிகளும் டிஸ்க்கும் தனித்தனியாகப் பழைய பேப்பரில் சுற்றியிருந்தன. இவ்வளவு பத்திரமாகச் சுற்றத் தெரிந்த ஆளுக்கு நெஞ்சுநோவை ஒரு டொக்டரிடம் காட்டத் தெரியவில்லை.

றிம்மில் கம்பி கோக்க பாண்டிருப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உங்கள் சினேகிதர் சிவலிங்கம் அண்ணனிடம் போனேன். அவர் றிம்மை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “தம்பி, இது சைக்கிள் சில்லில்ல. கம்பி பிழைச்சா ஆள் போயிரும். நான் கோத்துத் தாறன், நீ வீட்ட கொண்டுபோய் ஒவ்வொண்டாத் தட்டிப் பார். எல்லாம் ஒரே சத்தம் கேக்கணும்” என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. ஸ்பேனர் சாவியால் தட்டிக்கொண்டே போனேன். குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்த ராத்தா, “நில்லு. இப்பத் தட்டினது இளக்கம்” என்றார். திரும்பத் தட்டினேன். “அதுதான். அவர் அப்பிடிச் சத்தம் வந்தா ஒள்ளம் இறுக்குவாரு” என்றார். கொஞ்சம் இறுக்கினேன். நீங்கள் முற்றத்தில் தட்டிய தட்டெல்லாம் அந்த வீட்டுக்குள் ஒருவர் காதில் விழுந்து தங்கியிருந்திருக்கிறது மச்சான். உங்களுக்கு அது தெரியுமா?

துக்கம் விசாரிக்க வந்த பெண்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “மவுத்து வீட்டுல ஓதிற சத்தம் கேக்கணும், இஞ்ச என்ன சாவிச் சத்தம்?” என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நான் சாவியை வைத்துவிட்டு, அவர்கள் போகும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன்.

சில்லுகளைப் பூட்டி, சங்கிலியில் கண்ணி குறைத்து, முதன்முதலாக அதை அதன் ஸ்டாண்டிலேயே நிற்கவைத்த அன்று ஒரு கூத்து நடந்தது. சில்லு சின்னதாகிப் பைக் பதிந்துவிட்டது, ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. கையை எடுத்ததும் பைக் மறுபக்கமாகச் சரிந்து, தகரவேலியையும் இழுத்துக்கொண்டு, கோழிக்கூட்டின் மேல் போய்ப் படுத்தது. கோழிகளின் கூச்சலில் அடுத்த வளவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ராத்தா சிரித்தார். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் தான் இத்தாவில் இருக்கிறோம் என்பது நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளிருந்து வந்தது அழுகைச் சத்தம். நான் கோழிகளைப் பிடித்து அடைத்தேன், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் கட்டையாக்கினேன்.

இத்தா முடிந்த அன்று வீட்டில் ஓதினார்கள். எல்லோரும் போன பிறகு, அஸர் தொழுகை முடித்து வந்து பைக்கை வெளியில் எடுத்தேன். ராத்தா கறுப்பு அபாயாவோடும் உங்கள் ஹெல்மட்டோடும் வந்து நின்றார். ஒருபக்கமாக உட்காருவார் என்று நினைத்தேன். உள்ளே கால்சட்டை போட்டிருந்தார், ஆண்களைப் போலவே இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்தார். எங்கள் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் சூப்பர்மோட்டோ நன்றாக ஓடியது. காபட் வீதியில் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது, முன் பிறேக் ஒரு விரலுக்கே நின்றது. இதை உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்லுவேன்? கடற்கரை வீதியில் கிறுகி மையவாடிப் பக்கம் வந்தோம். அங்கேதான் என் முட்டாள்தனம் எனக்கு விளங்கியது.

மதில். உள்ளே போகும் கேட் பள்ளிவாசல் ஒழுங்கையில் இருக்கிறது, ஆண்கள் எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் பார்க்கக்கூடியது இந்த வீதிப் பக்கத்தால் மட்டும்தான். இந்தப் பக்கம் மதில். ராத்தாவின் கால் எட்ட வேண்டும் என்று அங்குலம் அங்குலமாகப் பைக்கைப் பதித்தோமே, நீங்களும் நானும், இந்த மதிலை ஒருவரும் அளக்கவில்லை. ஒட்டகமாகவே விட்டிருந்தால் உட்கார்ந்தபடியே பார்த்திருப்பார். இப்போது அவர் கண்ணுக்கு வெறும் சுண்ணாம்புதான் தெரிந்தது.

நான் வேகத்தைக் குறைத்தேன். “நிப்பாட்டாத. மெதுவாப் போ” என்றார். என் இரண்டு தோளிலும் கையை ஊன்றினார். கால்மிதியில் எழுந்து நின்றார். மச்சான், உங்கள் மனைவி, ஒட்டகத்துக்குப் பயந்தவர், ஓடுகிற பைக்கில் எழுந்து நின்றார்.

“எது தம்பி?”

“மூலையில, பூவரசுக்கு இஞ்சால. பக்கத்தில கடதாசிப் பூ நட்டிரிக்கி.”

மதில் முடியும்வரை அவர் உட்காரவில்லை. பிறகு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டார்:

“இவ்வளவு கிட்டயா? குசினிக்குள்ள நிண்டு கூப்பிட்டாக் கேக்கும் போல கிடக்கு. நான் எங்கயோ தூரத்தில எண்டல்லவா இவ்வளவு நாளும் அழுதன்.”

எனக்கும் கண் மறைத்தது, வீதியைப் பார்த்து ஓட்டவேண்டியிருந்தது. இன்னொரு நாளைக்கு அறுகம்பே போவோமா என்று வீட்டு வாசலில் கேட்டேன். “வேணா. அங்க நான் அவரோட போறதெண்டுதான் இரிந்தன்” என்றார்.

அடுத்த நாள் காலை நானே உங்கள் பழைய சில்லுகளைப் பூட்டினேன், ஸ்டாண்டையும் பட்டறையில் கொடுத்து நீட்டினேன். மாற்றுவதற்கு எவ்வளவு காலம் எடுத்தது, திருப்பி மாற்ற ஒரு காலைப்பொழுதுதான் பிடித்தது. உங்கள் தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனார், நல்ல பிள்ளை, என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். நீங்கள் ஆசைப்பட்ட சூப்பர்மோட்டோ இந்த உலகத்தில் ஒரே ஒரு பின்னேரம்தான் ஓடியது.

வீதிச் சில்லுகள் இரண்டும் எண்ணெய் பூசி என்னிடம் இருக்கின்றன. துருப்பிடிக்க விட மாட்டேன். ஒரு வாக்கும் தருகிறேன்: ராத்தாவுக்கு நானே ஸ்கூட்டர் ஓட்டப் பழக்குவேன். உங்களைக் கடந்துபோக அவர் இனி என்னிடமோ வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அன்றிலிருந்து ராத்தா குசினியில் வேலை செய்யும்போது வாய்க்குள் முணுமுணுக்காமல் கொஞ்சம் சத்தமாகவே கதைக்கிறார். அரிசி முடிந்தது, மகளுக்குக் காய்ச்சல் விட்டது, இன்றைக்கு மீன் நல்லதில்லை. உம்மா பயந்துபோய் என்னைப் பார்க்கிறார். நான் யாரிடமென்று கேட்கவில்லை.

கேட்கிறதா மச்சான்?

உங்கள் மனைவியின் தம்பி,
என்றும் உங்கள் மச்சான்
றியாஸ்