இடது சக்கரத்தை அடிம்மா

இன்று காலை எங்கள் லால்குடி வீட்டு ஷெட்டில் ஒரு மோட்டார் கருகிப் புகைந்தது. முசிறிப் பிள்ளைகள் தங்கள் முதல் சண்டை ரோபோவை இங்கேதான் பூட்டுகிறார்கள். என் மகளின் டீம் சொல்லிக்கொடுக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றீர்கள் சார். உயிரோடிருந்தபோதும் பஜ்ஜி வாசனைக்கு வந்து நிற்கிற ஆள்தானே நீங்கள்!

உங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டைமாடியில்தான் என் மகளின் முதல் ரோபோவும் உருவானது. சீனியர் டீம் கேப்டனான உங்கள் மகள் ஒவ்வொரு போல்ட்டையும் கூட இருந்து முடுக்கினாள். நான் பத்தாம் வகுப்போடு நின்ற உரக்கடை ஆள். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் அதட்டினேன்.

போட்டியில் முதல் ஆட்டமே நம் இரண்டு பெண்களுக்கும் விழுந்தது. கூண்டுக்குள் உங்கள் ரோபோவின் இரும்பு பிளேடு அலறிக்கொண்டு சுழன்றது. ஆனால் உங்கள் மகள் ரிமோட்டைப் பிடித்தபடி தயங்கினாள். எங்கள் இடது சக்கரத்து அச்சு மெலிசு, மாற்ற நேரமில்லாமல் விட்டது என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் கத்தினீர்கள்: "இடது சக்கரத்தை அடிம்மா! யோசிக்காதே!"

அடித்தாள். தீப்பொறி சீறியது. சக்கரம் பிய்ந்து கூண்டில் மோதித் தெறித்தது. பிளேடு மறுபடி பாய்ந்து தகட்டைக் கிழிக்க, ஒயரெல்லாம் குடல் சரிந்த மாதிரி வெளியே தொங்கியது.

அதுவரை சார் போட்டுப் பேசியவன் உங்கள் சட்டையைப் பிடித்தேன். "யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா? ரோபோவைக் கட்டிக்கொடுத்துட்டு அதே மெலிசான இடத்துலயே அடிக்கச் சொல்றியே!" இரண்டு பொத்தான் தெறித்தது. நீங்கள் கழுத்தை எக்கி, "கிழிஞ்சா கிழியட்டுங்க, மறைக்காதீங்க, ஆட்டம் தெரியலை" என்றீர்கள்.

என் மகள் என்னைத்தான் திட்டினாள். "அவரை விடுங்கப்பா! அக்கா பாவம் பார்த்திருந்தாதான் எனக்கு அசிங்கம்!" சொல்லிக்கொண்டே ஒற்றைச் சக்கரத்தில் ரோபோவைச் சுழற்றி மோதி, உங்கள் ரோபோவின் மூடியைப் பெயர்த்தாள். அப்புறம்தான் தோற்றாள்.

தோற்றவர்களுக்கு மத்தியானம் இன்னொரு ஆட்டம் உண்டு. உங்கள் மகள் புதுச் சக்கரமும் தடித்த அச்சுமாக ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து பூட்டினாள். நீங்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "இதை வேற யாராவது உடைச்சிருந்தா, சக்கரம் கொண்டாந்து தருவாங்களா?" மத்தியானம் நாங்கள் ஜெயித்தோம். உங்களைக் கட்டிப்பிடித்ததில் மூன்றாவது பொத்தானும் போனது.

வரும் ஞாயிற்றுக்கிழமை முசிறிப் பிள்ளைகளும் என் மகளும் மோத வேண்டும் என்று சீட்டு விழுந்திருக்கிறது. சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள்: "அவங்க ரோபோ செயின் எங்க கழலும்னு எனக்குத் தெரியும்ப்பா. அங்க அடிக்கவா?"

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா ஆறடி. கை உலக்கை மாதிரி. என் சட்டைப் பொத்தான்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் தைரியமாக இருக்கும்.

"அடிம்மா," என்றேன். "நம்ம செயின்ல நல்லதா ஒண்ணை இப்பவே எடுத்துப் பையில வை."