பாதையின் நடுவே வைத்த தொட்டி

அன்பும் அறிவும் நிறைந்த என் அக்கா மகளுக்கு, உன் மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கலாம்தான். ஆனால் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போனில் சொன்னால் உன் அம்மாவின் காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் அப்பா கட்டிய வீடு கைநழுவப் போகிறது என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

உன் அம்மா தோட்டம் படிக்கிறாள். சிரிக்காதே. நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் வீட்டுத் தோட்டம் அமைப்பதற்கான அடிப்படை வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் ஒரு தோட்ட வாத்தியார். நரைத்த தாடி, இடுப்பில் அளவு நாடா, தேன் ஒழுகும் பேச்சு. துணைக்கு என்று சொல்லி நானும் சேர்ந்துகொண்டேன். உண்மையில் துப்பறிய. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தரப் பள்ளியில் சரக்கு இல்லை. இந்த வகுப்பிலும் முதல் நாளே வாத்தியார் என்னைப் பார்த்து மிரண்டுபோனார்.

கேள், செடியே வாங்கக்கூடாதாம்! முதலில் வீட்டை அளக்க வேண்டுமாம். வாசல், ஜன்னல், குழாய், சாக்கடை எல்லாவற்றையும் தாளில் வரைய வேண்டுமாம். வெயில் எங்கே விழுகிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறிக்க வேண்டுமாம். செடி வைக்கப்போகிறவன் எதற்கம்மா சுவரை அளக்கிறான்? வீடு வாங்குகிறவன் அல்லவா அளப்பான்? வகுப்பில் இருபது பேர் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும்தான் இது உறைத்தது.

இன்னொன்று. ஒருநாள் வாத்தியார் எல்லோரிடமும், இந்தத் தோட்டத்தில் நடமாடப்போவது யார், அதைச் சொல்லாமல் கோடு போடாதீர்கள் என்றார். ஒருத்தர் பேரப்பிள்ளைகள் என்றார். ஒருத்தர் நாய் என்றார். உன் அம்மா மட்டும் எழுந்துபோய் அவர் காதோடு ஏதோ சொன்னாள். அவர் அவளுடைய தாளை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, நாமே சேர்ந்து வரைவோம் என்றார். நாமாம்!

அன்றிலிருந்து வீடு தேடி வர ஆரம்பித்துவிட்டார். ரப்பர் குழாயைத் தரையில் போட்டு வளைவு பார்ப்பதும், சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவதும், என்ன கூத்து! பின்வாசல் படிகளை உடைத்துச் சரிவாக்கிவிட்டார். அங்கிருந்து கேட் வரை ஒரே பாதை, அவ்வளவு அகலம். இரண்டு ஓரத்திலும் கூழாங்கல். கால் பட்டால் சரசரவென்று சத்தம். குழாயடியில் புதினா, கேட்டருகே மல்லிகை. மற்றதெல்லாம் வெள்ளைப் பூ மட்டும். உன் அம்மாவுக்குச் சிவப்பு ரோஜா என்றால் உயிர் அல்லவா? ஏன் அக்கா வெள்ளை என்று கேட்டால், வாயை மூடிட்டு வேலையைப் பாருடா என்கிறாள். வீடியோ காலில் பேசாமல் உன் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள் என்று நீ சொன்னாயே, அது வேறென்ன, குற்ற உணர்ச்சிதான்!

பாதை அவ்வளவு அகலம் எதற்கு? அவருடைய கார் உள்ளே வரத்தான். விடுவேனா? தோட்டத்தில் கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று அவரே வகுப்பில் சொன்னார். யானைக்குட்டி அளவுக்கு ஒரு பூந்தொட்டி, கருநீல நிறம், வாங்கிவந்து பாதையின் நட்டநடுவில் வைத்துவிட்டேன். பத்துப் பேர் தூக்க வேண்டியது, நான் ஒற்றை ஆளாய் உருட்டினேன். நாளைக் காலை உன் அம்மா பார்த்து அசந்துபோவாள்.

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. கிழித்துப்போடலாமா என்று பார்த்தேன். எழுதியது நன்றாக இருந்ததால் மனசு வரவில்லை.

உன் அம்மா அந்தத் தொட்டியைப் பார்க்கவே இல்லை. பட்டப்பகலில், வழக்கமான நடையில் வந்து நேரே அதில் மோதி விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பு, உதட்டில் ரத்தம். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை. நடுவழியில எதைடா கொண்டாந்து வெச்சே என்று கத்தினாள். கண் போய் நிற்க ஒன்று வைத்தேன் அக்கா என்றேன். தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். யாரு கண்ணுடா என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வாத்தியார் வந்தார். சைக்கிளில். அவரிடம் கார் கிடையாதாம். சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், வயசானவர் என்று விட்டேன். அவர் என்னிடம் சண்டை போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பின்வாசலிலிருந்து நடங்க சார் என்றார். நடந்தேன். கொஞ்சம் விலகினால் காலடியில் கல் சரசரத்தது. புதினா வாசம் வந்தது, குழாய் என்று தெரிந்தது. மல்லிகை வாசம் வந்ததும் கையை நீட்டினேன், கேட் இருந்தது. கண்ணைத் திறந்தேன். மாலை மங்கலில் வெள்ளைப் பூக்கள் மட்டும் தெரிந்தன. காலையில் சுவரோரம் உருட்டிவிட்ட என் தொட்டி இருட்டோடு இருட்டாய் நின்றது.

கண் டாக்டர் என்ன சொன்னார் என்பதை உனக்கு எழுதக்கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் வாக்குத் தவறாதவன். எழுத மாட்டேன். இது முழுக்கத் தோட்டத்தைப் பற்றிய கடிதம், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

தொட்டியைக் கடைக்காரன் திரும்ப எடுக்க மறுத்தான். என் அறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், நான்தான் சுற்றிப்போகிறேன். வாத்தியார் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. டீக்கு நாலு கரண்டி சர்க்கரை போடுகிற ஆள்.

லீவு கிடைக்குமா என்று பார்க்காதே, கேட்டு வாங்கு. மல்லிகை நன்றாகப் படர்ந்தபின் வரலாம் என்று தள்ளிப்போடாதே. வரும்போது வெளிர் நிறத்தில் உடுத்திக்கொள். கேட்டைத் திறந்ததும் அம்மா என்று குரல் கொடுத்துவிடாதே. பேசாமல் அந்தப் பாதையில் நடந்து வா. நீதான் என்று உன் அம்மா பார்த்தே கண்டுபிடிக்கட்டும்.

நன்றாக இரு, கண்ணு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமா